தியாக்கிரீன் குளிசை நரம்புத் தொகுதியில் உண்மையில் என்ன செய்கிறது?

கொக்குவில் மாமன் எழுதியது:

என் அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் இரண்டாவது தடவையாகத் தோற்றவிருக்கிறான். பகலில் தனியார் வகுப்பு, இரவில் வீட்டுப் படிப்பு என்று ஓடுகிற பிள்ளை, பத்து மணிக்கு மேல் கண் சொக்குகிறது என்று அமெரிக்காவில் இருக்கும் தன் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அவரும் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு போத்தல் குளிசையைக் கொடுத்துவிட்டார். இது கஃபீனைப் போல விழிப்பைத் தரும், ஆனால் நெஞ்சுப் படபடப்பையோ கைநடுக்கத்தையோ தராது, எத்தனை நாள் எடுத்தாலும் உடம்பு இதற்குப் பழகிப்போகாது என்று போத்தலின் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பிரதான பொருளின் பெயர் தியாக்கிரீன்.

நான் கணக்குப் பதிவு செய்கிறவன்; மருந்து விடயம் தெரியாது. "வேண்டாம்" என்று வெறுமனே சொன்னால் இந்த வயதுப் பிள்ளை கேட்கமாட்டான். "ஆய்வு இருக்கிறது மாமா" என்று கைப்பேசியை நீட்டுகிறான். ஆகவே அந்த ஆய்வுகளில் உண்மையில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன். இந்தப் பொருள் மூளையில் எங்கே, எப்படி வேலை செய்கிறது? உடம்பு பழகாது என்ற கூற்றுக்கு ஆதாரம் என்ன? அவன் வழக்கம்போல இரவில் குடிக்கும் இரண்டு பிளேன்ரீயுடன் இதையும் சேர்த்து எடுத்தால் என்ன நடக்கும்? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உடற்றொழிலியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, பொருளின் அமைப்பிலிருந்தே தொடங்குகிறேன். மருமகன் படிக்கிற சேதன இரசாயனம் இதற்குப் போதும். கஃபீன் என்பது 1,3,7-டிரைமெதைல்சாந்தீன். தியாக்கிரீன் என்பது 1,3,7,9-டெட்ராமெதைல்யூரிக் அமிலம். அதே இரட்டை வளையந்தான். எட்டாம் இடத்தில் ஓர் ஒட்சிசனும் ஒன்பதாம் இடத்து நைதரசனில் ஒரு மெதைல் கூட்டமும் கூடுதலாக ஒட்டியிருக்கின்றன. தாவரம் இதைக் கஃபீனிலிருந்தே ஆக்கிக்கொள்கிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் வளரும் குச்சா என்ற தேயிலையில் இது மிகுதியாக உண்டு. குச்சா என்றால் கசப்புத் தேயிலை என்று பொருள். எங்கள் மலைநாட்டுத் தேயிலையில் பிரதானமாக இருப்பது கஃபீன். ஆகவே "இதுவும் தேயிலையில் இருக்கிறதுதானே" என்று வீட்டில் யாராவது சமாதானம் சொன்னால், அந்தத் தேயிலை வேறு, நாங்கள் குடிக்கிற தேயிலை வேறு என்று சொல்லிவிடுங்கள்.

கஃபீன் எப்படி வேலை செய்கிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட செய்தி. நாங்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து, நரம்புக் கலங்களில் உள்ள ஏ1, ஏ2ஏ என்ற வாங்கிகளில் அமர்ந்து, நித்திரையை வரவழைக்கிறது. கஃபீன் அந்த வாங்கிகளில் போய் இருந்துகொள்ளும், ஆனால் அவற்றைத் தூண்டாது. பஸ் இருக்கையில் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். இருக்கையில் ஆள் இல்லை, ஆனால் ஏறி வந்த அடினோசினுக்கு இடமும் இல்லை. ஏ2ஏ வாங்கி இல்லாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளைக் கஃபீன் விழிக்கச் செய்வதில்லை என்று 2005இல் காட்டினார்கள். மனித மூளையிலேயே கதிர்வீச்சுப் படப்பிடிப்பு மூலம் ஏ1 வாங்கிகளைப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. நாலைந்து கோப்பை கோப்பி குடித்தவரின் மூளையில் அவ்வாங்கிகளில் ஏறத்தாழப் பாதி கஃபீனால் நிரம்பியிருக்கும் என்பது அதன் கணிப்பு.

தியாக்கிரீனின் கதை இவ்வளவு உறுதியானதன்று. 2012இல் எலிகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வுதான் எல்லா விளம்பரங்களுக்கும் அடித்தளம். உடல் எடையில் கிலோவுக்கு 24, 48 மில்லிகிராம் என்ற அளவுகளில் ஊசியால் ஏற்றியபோது எலிகளின் ஓட்டம் கூடியது. அதற்குக் குறைந்த அளவுகளில் கூடவில்லை. அடினோசின் வாங்கிகளைத் தூண்டும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது அந்த ஓட்டம் தணிந்தது. மூளையில் உற்சாகத்தோடும் அசைவோடும் தொடர்புடைய டோபமைன் என்ற பொருளின் வாங்கிகளை மறிக்கும் மருந்தைக் கொடுத்தபோதும் தணிந்தது. மூளையின் அக்கம்பென்ஸ் என்ற நரம்புக் கலத் திரளுக்குள் தியாக்கிரீனை நேரடியாகச் செலுத்தினாலும் எலிகள் கூடுதலாக ஓடின. ஆகவே அடினோசின், டோபமைன் ஆகிய இரு வழிகளும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று சொல்வது நியாயமானது. எலியில் அது நியாயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே சிலர் 24ஐ 60 கிலோவால் பெருக்கி, மனிதனுக்கு 1440 மில்லிகிராம் வேண்டும், குளிசையில் இருப்பது ஒன்றுமேயில்லை என்று வாதிடுவார்கள். அது பிழையான கணக்கு. சிறிய உயிரினத்தின் அளவை உடற்பரப்பின்படி மாற்ற வேண்டும், எலிக்கு 6.2ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 230 மில்லிகிராம் வருகிறது. ஊசிக்கும் வாய்வழிக் குளிசைக்கும் உள்ள வேறுபாடு இதற்கு மேல் இருக்கிறது என்றாலும், குளிசை அளவு சிரிப்புக்குரியதன்று.

ஆனால் விளம்பரக்காரர் சொல்லாமல் விடுகிற இன்னோர் ஆய்வும் உண்டு. அதே குச்சாத் தேயிலையின் தியாக்கிரீனுக்குச் சுண்டெலிகளில் அமைதிப்படுத்தும் தன்மையும் நித்திரையைத் தூண்டும் தன்மையும் உண்டு என்று 2007இல் ஓர் ஆய்வுக்குழு அறிக்கையிட்டது. ஒரே மூலக்கூறு ஓர் ஆய்வுகூடத்தில் எலியை ஓடவைக்கிறது, இன்னோர் ஆய்வுகூடத்தில் சுண்டெலியை உறங்கவைக்கிறது. அளவும் இனமும் மாறும்போது விளைவு மாறுவது மருந்தியலில் புதிதன்று என்றாலும், "கஃபீனைப் போன்றது" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்தப் பொருளை அடக்கிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

இரும்புத்தூக்கி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்சி கொடுக்கிறேன். அங்கே வருகிற பெடியளில் பாதிப்பேர் இந்தப் பொருளைத் தூளாகக் கரைத்துக் குடிப்பதால், ஆய்வுகளைத் தேடிப் படிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு ஏற்பட்டது. 2019இல் எடைப் பயிற்சியில் பழகிய 12 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. ஒரே ஆளுக்கு வெவ்வேறு நாட்களில் தியாக்கிரீன் 300 மில்லிகிராம், கஃபீன் 300 மில்லிகிராம், இரண்டிலும் 150 வீதம், வெற்றுக் குளிசை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, படுத்தபடி எடை தள்ளுதல், எடையுடன் குந்தி எழும்புதல் முதலியவற்றை அளந்தார்கள். தனியாகக் கொடுத்தாலும் சேர்த்துக் கொடுத்தாலும் பலமோ தாங்குதிறனோ கூடவில்லை.

எனினும் இந்த ஆய்வைத் தூக்கிப் பிடித்து "தியாக்கிரீன் வேலை செய்யாது" என்று முடிவு கட்டவும் நான் தயாரில்லை. கஃபீன் உடற்பயிற்சித் திறனைக் கொஞ்சம் கூட்டும் என்பதற்கு வேறு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் உள்ளன. அந்தக் கஃபீன்கூட இங்கே ஒன்றும் செய்யவில்லை என்றால், 12 பேர் என்பது சிறிய வேறுபாட்டைக் காட்டப் போதாத எண்ணிக்கையாக இருக்கலாம். தராசில் தெரிந்த ஒரு கிலோப் படிக்கல்லை வைத்தும் முள் அசையவில்லை என்றால், அதே தராசில் வைத்த பொட்டலத்துக்குக் கனமில்லை என்று யார் சொல்வார்?

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். சென்ற வருடம் ஒருவர் தந்த தூளில் ஒரு கரண்டியை மாலை ஏழு மணிக்குக் கரைத்துக் குடித்தேன். நெஞ்சு படபடக்கவில்லை, கை நடுங்கவில்லை. விளம்பரம் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். சீலிங் மின்விசிறியின் மூன்று இதழ்களையும் எண்ணிக்கொண்டு கிடந்தவன், அதிகாலையில் கோயில் மணி கேட்டபோதும் விழித்தேதான் இருந்தேன். அதில் கஃபீன் எவ்வளவு, தியாக்கிரீன் எவ்வளவு என்று டப்பாவில் தனித்தனியே எழுதப்படவில்லை.

பனங்கட்டிக் கடி எழுதியது:

பழக்கம் என்றால் என்ன என்பதற்கு எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவை செய்முறை நடக்கும். என் மனைவி கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் தேநீர் தொடமாட்டார். முதல் நாள் பின்னேரம் தலையிடி தொடங்கும். இரண்டாம் நாள் பேசவே முடியாது. நாலாம் ஐந்தாம் நாளில் தானாகத் தணிந்துவிடும். பல வருடங்களாக அதைப் பசியால் வந்த தலையிடி என்றே நம்பியிருந்தோம். பசிதான் காரணம் என்றால் ஆறாம் நாள் அல்லவா உச்சமாக இருக்க வேண்டும் என்று மகள் கேட்ட பிறகுதான் யோசித்தோம். பழகாது என்று சொல்லப்படும் இந்தப் புதுக் குளிசையில் இப்படி நிறுத்திப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா?

உடற்றொழிலியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கஃபீனை நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் தலையிடி தொடங்கி, 20 முதல் 51 மணித்தியாலங்களுக்குள் உச்சமடைந்து, இரண்டு முதல் ஒன்பது நாட்களில் தணியும் என்று 2004இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். உங்கள் வீட்டு விரத நாட்காட்டி அதனுடன் அப்படியே பொருந்துகிறது.

தியாக்கிரீனுக்கு உடம்பு பழகாது என்ற கூற்றுக்கு இரண்டு ஊன்றுகோல்கள் உள்ளன. ஒன்று, நான் முன்பு சொன்ன 2012 எலி ஆய்வு: ஏழு நாட்கள் தொடர்ந்து கொடுத்தும் எலிகளின் ஓட்டம் குறையவுமில்லை, மேலும் கூடவுமில்லை. மற்றது, 2016இல் வெளியான மனித ஆய்வு: ஆரோக்கியமான 60 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெற்றுக் குளிசை, மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 200 அல்லது 300 மில்லிகிராம் என்று எட்டு வாரங்கள் கொடுத்தார்கள். குருதியமுக்கம், இதயத் துடிப்பு, குருதிப் பரிசோதனைகள் ஆகியவை வழமையான எல்லைக்குள் இருந்தன. உற்சாக உணர்வும் எட்டாம் வாரத்தில் மங்கிவிடவில்லை என்றார்கள். பாதுகாப்பைப் பொறுத்தவரை இது நல்ல செய்தியே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பழக்கம் ஏற்படவில்லை என்ற முடிவு, "இன்று எவ்வளவு உற்சாகமாக இருக்கிறீர்கள்" என்று கேட்டு, ஒரு கோட்டில் புள்ளியிடச் சொல்லிப் பெறப்பட்ட விடைகளில் தங்கியிருக்கிறது. அதில் பங்குபற்றியவர்கள் வளர்ந்த, ஆரோக்கியமான ஆட்கள்; நாளுக்கு ஐந்து மணித்தியாலம் மட்டும் உறங்குகிற பரீட்சைப் பிள்ளைகள் அல்லர். இந்தத் துறையில் பல ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது அந்த மூலப்பொருளை விற்பவர்களே என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்பதில்தான் அதன் செல்வாக்குத் தெரியும்.

உணர்வதும் அளப்பதும் இங்கே பிரிந்து நிற்பதை இன்னோர் ஆய்வும் காட்டுகிறது. 2015இல் இளம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தியாக்கிரீனும் கஃபீனும் கலந்த ஒரு தயாரிப்பையும், தனிக் கஃபீனையும், வெற்றுக் குளிசையையும் கொடுத்துப் பார்த்தார்கள். கலவையை எடுத்தவர்கள் கவனமும் உற்சாகமும் கூடியதாகச் சொன்னார்கள். எண்களைத் தொடுத்துக் கோடிழுத்தல், குறியீடுகளை மாற்றி எழுதுதல் போன்ற சோதனைகளில் அந்த மேம்பாடு தெரியவில்லை. பரீட்சை மண்டபத்தில் புள்ளி போடுகிறவர் பிள்ளையின் உற்சாக உணர்வுக்குப் புள்ளி போடமாட்டார்.

கொக்குவில் மாமனிடம் ஒன்று கேட்க வேண்டும்: போத்தலின் பின்பக்கத்தில் அளவுகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன?

கொக்குவில் மாமன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. போத்தலை இப்போது மேசைவிளக்கின் கீழே வைத்துப் பார்க்கிறேன். பின்பக்கத்தில், மணல் அளவு எழுத்தில், "தனிக் கலவை 375 மில்லிகிராம்" என்று ஒரே எண்தான் உள்ளது. அதன் கீழே கஃபீன், தியாக்கிரீன், மெதைல்லிபெரின் என்று மூன்று பெயர்கள் இந்த ஒழுங்கில் இருக்கின்றன. தனித்தனி அளவு இல்லை. முகப்பில் கொட்டை எழுத்தில் தியாக்கிரீன், பின்னால் முதற்பெயராகக் கஃபீன்! இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவன் ஞாயிறு, திங்கள், செவ்வாய் ஆகிய மூன்று இரவும் ஒன்பது மணிக்கு ஒவ்வொன்று விழுங்கியிருக்கிறான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதிரிப் பரீட்சை இருக்கிறது.

உடற்றொழிலியல் ஆசிரியை எழுதியது:

நீங்கள் கணக்குப் பதிவு செய்கிறவர் என்பதால் இதை உங்களுக்குச் சொல்வது எளிது. அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய கலவையில் பெயர்களை எடை இறங்குவரிசையில் எழுத வேண்டும். மூன்று பொருள், மொத்தம் 375, முதலாவது கஃபீன் என்றால், கஃபீன் 125 மில்லிகிராமுக்குக் குறையவே முடியாது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை எழுத்தில் மறைத்திருக்கிறார்கள். இரண்டாவதாக நிற்கும் தியாக்கிரீன் மொத்தத்தில் பாதியைத் தாண்ட முடியாது. ஒரு கோப்பை தேநீரில் சராசரியாக 50 மில்லிகிராம் கஃபீன் என்று கொண்டால், பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு ஆகக் குறைந்தது இரண்டரைக் கோப்பைத் தேநீரை ஒரே மிடறில் குடித்திருக்கிறான். வழக்கமான இரண்டு பிளேன்ரீ அதற்கு மேலே. வளர்ந்தவர்களுக்கே ஒரு தடவையில் 200, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறிய எல்லை. படுக்கைக்கு அண்மையில் என்றால் 100 மில்லிகிராமே சிலரது நித்திரையைக் குலைக்கக்கூடும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. என் பார்வையில் மற்ற இரண்டையும் விட முக்கியமானது இதுதான். கஃபீனின் அரைவாழ்வுக்காலம், அதாவது உடம்பில் உள்ள அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சராசரியாக ஐந்து மணித்தியாலம், ஆளுக்கு ஆள் கூடிக் குறையும். தியாக்கிரீனுக்கு, எட்டுப் பேரை வைத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, அது ஏறத்தாழ 16 முதல் 26 மணித்தியாலம். அதே ஆய்வில், கஃபீனைச் சேர்த்துக் கொடுத்தபோது குருதியில் தியாக்கிரீனின் அளவு மேலும் உயர்ந்தது. படபடப்பு இல்லாமல் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது என்று விற்பனைக்காரர் புகழ்கிற குணமே இரவில் படிக்கிற பிள்ளைக்குப் பாதகமாகிறது. அரைவாழ்வுக்காலத்தை ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, தினமும் ஒரே அளவை எடுப்பதாகக் கணக்குப் பாருங்கள். முதல் இரவின் அளவில் பாதி மறுநாள் இரவுக்கு மிச்சம். அதற்கு மேல் புதிதாக ஒன்று சேர, மூன்றாம் நாள் இரவுக்கு முக்கால்வாசி மிச்சம். ஒரு கிழமை போனால், புதுக் குளிசையை விழுங்கும் முன்னரே கிட்டத்தட்ட ஒரு முழுக் குளிசையின் தியாக்கிரீன் உடம்பில் இருக்கும். முந்திய நாளின் இருப்பை முன்கொணர்கிற பேரேடு போலத்தான் அது.

மூன்றாவது பெயரையும் விட்டுவிட முடியாது. கஃபீனுக்கு உறவான மெதைல்லிபெரின் என்ற பொருள் உடம்பிலிருந்து விரைவில் வெளியேறிவிடும்; ஆனால் ஈரலில் கஃபீனை உடைக்கும் நொதியத்தின் வேலையை மறித்து, கஃபீனின் அரைவாழ்வுக்காலத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது என்று 2022இல் மனிதரில் காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தக் குளிசையுடன் குடிக்கும் பிளேன்ரீ, வழக்கமாக அவன் குடித்த பிளேன்ரீ அன்று. படுக்கைக்கு ஆறு மணித்தியாலங்களுக்கு முன் எடுத்த 400 மில்லிகிராம் கஃபீனே நித்திரையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெட்டுகிறது என்று 2013இல் அளந்திருக்கிறார்கள். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவதில் நித்திரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த மணித்தியாலம் எந்தப் பாடத்திலிருந்து வெட்டப்பட்டது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

மருமகனுக்கு இதயத் துடிப்பில் ஏதாவது கோளாறு, வலிப்பு, அல்லது தொடர்ந்து எடுக்கும் மருந்து உண்டா? உண்டு என்றால் இந்தப் போத்தலுடன் வைத்தியரிடம் காட்டுங்கள். இல்லையென்றால், இப்போதைக்கு நிறுத்தினால் போதும்.

கொக்குவில் மாமன் எழுதியது:

அப்படியான நோய் எதுவும் இல்லை. நேற்றிரவு உங்கள் பதிலை அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அரைவாழ்வு என்றதும் கொப்பியை எடுத்துத் தானே கணக்குப் போட்டான். செவ்வாய் இரவு ஒன்பதிலிருந்து வெள்ளி காலை ஒன்பது வரை 60 மணித்தியாலம். 16 என்று கொண்டால் கடைசிக் குளிசையின் தியாக்கிரீனில் நூற்றுக்கு ஏழு, 26 என்று கொண்டால் நூற்றுக்கு இருபது இன்னும் உடம்பில் இருக்கும் என்று விடை எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுக் காட்டினான். அதற்கு முந்திய இரண்டு குளிசைகளின் மிச்சத்தைக் கூட்டவில்லை என்று நான் சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது. போத்தலை அவனே கொண்டுவந்து என் அலுமாரியில் வைத்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு பிளேன்ரீ, பனங்கட்டியுடன். அதற்குப் பிறகு இல்லை என்று பேசியிருக்கிறோம். நேற்றுப் பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டான். எப்போது நித்திரையானான் என்று தெரியவில்லை, ஒன்றரை மணிக்கும் கட்டில் சத்தம் கேட்டது.

இரும்புத்தூக்கி எழுதியது:

சத்தம் கேட்கும், ஐயா. ஐந்து அரைவாழ்வுக்காலம் கடந்தால் நூற்றுக்கு மூன்று அளவில்தான் மிஞ்சும். செவ்வாய் இரவிலிருந்து எண்ணினால் அது சனி காலைக்கும் திங்கள் காலைக்கும் இடையில் வருகிறது. அதுவரை தலையிடி வந்தால் தண்ணீரும் நித்திரையுந்தான். தலையிடிக் குளிசை வாங்குவதென்றால் பார்மசியில் கஃபீன் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள், சில வகைகளில் அதுவும் இருக்கிறது.